நடுவில் இடமில்லை

“தள்ளிப் போ! நடுவில் இடமில்லை!”

காட்டுப்பன்றிக் குட்டி மூக்கால் ஒரே முட்டு முட்டினான். சருகுமான் குட்டி மின்னி உருண்டுபோய் வெளியே விழுந்தாள்.

“இது என் இடம்!” என்றாள்.

“உன் இடமா? என் கழுத்தைப் பார். எனக்கும் கொடி இருக்கிறது!”

மகளை அழைத்துப்போக வந்த தும்பை இதைப் பார்த்துக்கொண்டே குளக்கரைக்கு இறங்கினாள். சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, குச்சி குச்சியாய் நான்கு கால்கள். கோபம் வந்தாலும் யாருக்கும் தெரியாது. அன்று தெரிந்தது.

அந்தக் குளக்கரைப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளியில் சேரும் குட்டிகளுக்கு முள்ளம்பன்றி கூரன் காதோரம் ஒரு முள் குத்துவார். அவர் காய்ச்சிய மருந்தில் தோய்த்த முள். குத்தினால் வலிக்கும். ஒருநாள் உடம்பு சுடும். பிறகு கரும்புள்ளிக் காய்ச்சல் கிட்டே வராது.

மின்னிக்குக் குத்தியபோது மட்டும் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. கூரன்தான் பக்கத்திலேயே இருந்து அவளைப் பிழைக்கவைத்தார். “இந்தப் பிள்ளைக்கு இனி முள் ஆகாது” என்று சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி அவள் கழுத்தில் ஒரு சீந்தில் கொடியைக் கட்டிவிட்டார். கொடி கட்டிய குட்டி நடுவில் உட்கார வேண்டும். முள் குத்திக்கொண்ட குட்டிகள் சுற்றி வட்டமாக உட்கார வேண்டும். நோய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர்களை அதனால் தாண்ட முடியாது. அதுதான் ஏற்பாடு.

தூரத்திலிருந்து பார்த்த தாய்மார்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நடுவில் உட்கார்ந்த பிள்ளை டீச்சரின் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது. கொடி கட்டிய பிள்ளையை யாரும் குத்துவதில்லை. ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை போலிருக்கிறது! நம் பிள்ளைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

மரநாய் நாவலனுக்கு இது போதுமாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் கொடி கட்டினான். பதிலுக்கு அவனை ‘வைத்தியர் ஐயா’ என்று கூப்பிட்டால் போதும்.

தும்பை வட்டத்தைப் பார்த்தாள். வட்டம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நடுவில் ஒரே நெரிசல். வெளியே ஓர் எருமைக் கன்று, ஒரு முயல்குட்டி. அவ்வளவுதான். இடையில் காற்று தாராளமாகப் போய்வந்தது.

“டீச்சர், இது என்ன கூத்து?”

நாரை டீச்சர் ஒற்றைக் காலை மாற்றி நின்றுகொண்டார். “கொடி கட்டியவர்கள் நடுவில் உட்கார வேண்டும் என்பது விதி. கொடியோடு வருகிறார்கள். நான் என்ன செய்ய, தும்பை?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் மீன் பிடிக்க ஆற்றுப் பக்கம் போனேன். அக்கரையில் புள்ளிமான் கூட்டத்தில் காய்ச்சல் கண்டிருக்கிறதாம். கொஞ்ச நாளைக்கு நீ மின்னியை வீட்டிலேயே வைத்துக்கொள்.”

“வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்க எங்கே கூட்டிப்போவேன்? இந்தக் காட்டுக்கு ஒரே குளம்தானே?”

டீச்சர் குட்டிகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்.

தும்பை நேராக நாவலனிடம் போனாள். அவன் பனைமரத்தடியில் கொடிகளை உலர்த்திக்கொண்டிருந்தான்.

“வா, வா! உன் பெண்ணுக்குப் புதுக் கொடி வேண்டுமா?”

“வேண்டாம். நீ கட்டிய கொடிகளையெல்லாம் அவிழ்க்க வேண்டும்.”

“நானா கூப்பிட்டேன்? அவர்களாக வருகிறார்கள். குழந்தைக்கு வலிக்குமே என்று அழுகிறார்கள். எனக்கு இளகிய மனசு!”

அவன் காலடியில் அவனுடைய குட்டி பனம்பழத்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. குனிந்தபோது காது மடங்கியது. காதோரம் ஒரு சின்ன வடு.

“உன் பிள்ளைக்கு முள் குத்தியிருக்கிறதே!”

“அதுவா? அது மச்சம்!”

“போன வருஷம் இல்லாத மச்சமா?”

“ஏன் கத்துகிறாய்? மெதுவாகப் பேசு!” நாவலன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டான்.

மறுநாள் தும்பை தாய்மார்களைத் தேடிப் போனாள். பன்றி மூக்காயி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். மேலே கிளையில் மந்தி வெள்ளையம்மா தன் மகன் துள்ளானுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, காய்ச்சல் அக்கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முள் குத்திவிடுங்கள்.”

“அடியே தும்பை,” என்றாள் வெள்ளையம்மா, “அந்தக் காய்ச்சலை நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா?”

“இல்லை.”

“நானும் பார்த்ததில்லை. கூரனின் முள்ளைத்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் கை நீளம்! நான் எதற்குப் பயப்படட்டும், சொல்.”

“எல்லோரும் குத்திக்கொண்டதால்தான் அக்கா நாம் அதைப் பார்க்கவில்லை.”

“அப்படியானால் அந்த எல்லோரும் போதுமே! என் ஒருத்தி மகன் எதற்கு?”

“அதையேதான் எல்லோரும் சொல்கிறார்கள்.”

மூக்காயி மண் ஒட்டிய முகத்தை நிமிர்த்தினாள். “உன் பிள்ளைக்கு மட்டும் கொடி. எங்கள் பிள்ளைக்கு முள். இது எந்த ஊர் நியாயம்? உன் மகளுக்குக் காவல் காக்கவா நாங்கள் பெற்றுப்போட்டிருக்கிறோம்?”

தும்பைக்குச் சுருக்கென்றது. “என் மகளுக்கு அந்த முள் ஆகுமென்றால் இன்றைக்கே பத்து முள் குத்தச் சொல்வேன் அக்கா” என்றாள். நாவலன் குட்டியின் காதோர வடுவைப் பற்றியும் சொன்னாள். அவர்கள் காதில் எதுவும் ஏறவில்லை. கிழங்கு தோண்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவள் அழவில்லை. யோசித்துக்கொண்டே திரும்பினாள். வார்த்தையால் ஆகாது. வேறு வழி பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் காலை எல்லோரும் தண்ணீர் குடிக்க வரும் நேரம். குளத்துக்குப் போகும் வழியில் நாயுருவிப் புதர் உண்டு. அதன் முள்விதை உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். தும்பை அதற்குள் புகுந்து புரண்டாள். எழுந்தபோது உடம்பெல்லாம் விதை. அப்படியே கூட்டத்துக்குள் நடந்தாள். மூக்காயியை உரசிக்கொண்டு போனாள். வெள்ளையம்மாவின் வால்மேல் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். குட்டிகள் வழக்கம்போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்து விளையாடினார்கள்.

சற்று நேரத்தில் மூக்காயி கத்தினாள். “ஐயோ, என் பிள்ளையின் கண்ணோரம் என்னவோ குத்துகிறது!”

“என் வாலெல்லாம் முள்!” என்றாள் வெள்ளையம்மா. “துள்ளான் முதுகிலும்! யாரடி இந்த வேலை பார்த்தது?”

“நான்தான்” என்றாள் தும்பை.

“உனக்குப் பைத்தியமா? என் பிள்ளையை நீ தொடவே இல்லையே!”

“உன்னைத் தொட்டேன். நீ அவனைத் தூக்கினாய். அவன் மூக்காயியக்காவின் மகனோடு கட்டிப் புரண்டான். காய்ச்சலும் இப்படித்தான் அக்கா வரும். என் வீட்டு வழி, உன் வீட்டு வழி என்று பார்க்காது.”

எல்லோரும் விதைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தும்பை தலையால் ஒரு பக்கம் காட்டினாள். அங்கே எருமைத் தாய் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சேற்றில் புரண்டு காய்ந்த உடம்பு. தும்பை அவளையும்தான் உரசிக்கொண்டு போயிருந்தாள். ஒரு விதைகூட ஒட்டவில்லை. எருமைக்குப் பின்னால் முயல் உட்கார்ந்திருந்தாள். பஞ்சுபோல மெத்தென்ற ரோமம், ஒட்டினால் பிய்க்கவே முடியாது. அதிலும் ஒன்றும் இல்லை.

“முயலின் மேல் சேறு இல்லையே!” என்றாள் மூக்காயி.

“எனக்கும் முயலுக்கும் குறுக்கே எருமையக்கா இருந்தாள்” என்றாள் தும்பை. “கூரனின் முள்ளும் அந்தச் சேறு மாதிரிதான். என் மகளால் சேறு பூசிக்கொள்ள முடியாது. உங்கள் பிள்ளைகளால் முடியும். பூசிக்கொண்டால் முதலில் தப்பிப்பது அவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் என் மகளும் தப்பிப்பாள். நீங்களும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் எல்லோர்மேலும் ஒட்டும்.”

எருமைத் தாய் ஒரு கண்ணைத் திறந்தாள். “என்ன, என்னைப் பற்றியா பேச்சு?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

“விதை வேறு, காய்ச்சல் வேறு!” என்றாள் வெள்ளையம்மா. “வாலைக் கெடுத்தாயே!” துள்ளானைத் தூக்கிக்கொண்டு தாவி மறைந்தாள்.

மூக்காயி போகவில்லை. மகனின் கண்ணோரத்து விதையை நாக்கால் நக்கி எடுத்தாள்.

“முள் குத்தினால் வலிக்குமா?”

“வலிக்கும்.”

“காய்ச்சல் அடிக்குமா?”

“ஒருநாள் அடிக்கும். பிள்ளை சிணுங்கும். பால்கூடக் குடிக்காது.”

“நாவலன் இதையெல்லாம் பெரிசாகச் சொல்லிப் பயமுறுத்தினான். நீ ஒன்றையும் மறைக்கவில்லை.” மூக்காயி குனிந்து மகன் கழுத்துக் கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். “வாடா. கூரன் தாத்தா வீட்டுக்குப் போவோம். அழுதால் அழு.”

அவள் போவதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கூரனின் வளைக்கு வெளியே அன்று ஒரே அழுகைச் சத்தம். மறுநாள் பள்ளியில் பாதி இடம் காலி. அதற்கடுத்த நாள் முள் குத்திக்கொண்ட எல்லோரும் வந்தார்கள்; வீட்டில் இருந்த மின்னியும் வந்தாள். மின்னியைச் சுற்றி வட்டம் நெருக்கமாக அமர்ந்தது.

தும்பை அதோடு நிற்கவில்லை. தினமும் காலையில் வெள்ளையம்மாவின் மரத்தடிக்குப் போய் நிற்பாள். “அக்கா, இன்றைக்காவது!” என்பாள். மேலிருந்து பழக்கொட்டை விழும். மறுநாளும் போய் நிற்பாள்.

மழைக்கு முன் காய்ச்சல் ஆற்றைக் கடந்தது. குளக்கரைக்கு வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அதற்குத் துள்ளான் ஒருவன்தான் கிடைத்தான். அவனிடமிருந்து அது வேறெங்கும் போக முடியவில்லை. உடம்பெல்லாம் கரும்புள்ளியோடு பல நாள் கிடந்தான். கூரன் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். தும்பை பழங்களை மரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வெள்ளையம்மா இறங்கிவந்து எடுத்துக்கொண்டாள்.

துள்ளான் பிழைத்தான். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று.

உடம்பு நன்றாகத் தேறிய பிறகு அவன் பள்ளிக்கு வந்தான். நாரை டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். மின்னி எழுந்து, அவனைச் சுற்றிப்போய், வலது பக்கமாக உட்கார்ந்து, டீச்சர் சொன்னதை அவனுக்கு மெதுவாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள்.

விலக்கு என்பது முடியாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். முடிந்தவர்களும் அதில் போய் உட்கார்ந்தால் காப்பாற்ற ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.