தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாத காவல்காரன்

அந்தக் காலத்தில் ஆடு பேசும், காக்கை பேசும், ஆட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிகூடப் பேசும். மனிதனின் உடம்புக்குள் குடியிருப்பவர்களும் பேசுவார்கள். மணிக்கட்டைக் காதோடு வைத்துக்கொண்டால் போதும், உள்ளே நடக்கிற கேலி, சண்டை, பஞ்சாயத்து எல்லாம் கேட்கும்.

உள்ளே இருந்தவர்களில் கிருமிகள் உண்டு. கிருமி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது நன்றி கெட்ட பேச்சு. குடலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, நமக்குச் செரிக்காததைச் செரிக்க வைத்து, வெளியாள் வந்து இடம் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களை இதுவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. கெட்டவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள். மூச்சில் ஏறி வருவார்கள், தண்ணீரில் கலந்து வருவார்கள், கழுவாத கையிலும் திறந்த புண்ணிலும் வருவார்கள்.

அவர்களைத் தடுக்கக் காவல்காரர்கள் இருந்தார்கள். வெள்ளை உடம்புக்காரர்கள். ரத்தத்தில் ரோந்து போவார்கள், நிணநீர் ஓடையில் குளிப்பார்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கிற நெறிக்கட்டிகளில் கூடிப் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். தலையாரி சங்கிலி என்று பெயர்.

இது நடந்தது மாடத்தி என்கிற ஆட்டுக்காரியின் உடம்பில்.

பங்குனி வெயில் ஏறினால் அந்தப் பக்கத்துக்குச் சின்னம்மை வரும். மக்கள் கையெடுத்துக் கும்பிட்டு, வேப்பிலை விரித்துப் படுக்க வைத்து, நோய்ப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த நோயைச் சுமந்துகொண்டு வருகிற கிருமிக்குப் பெயர் கொப்புளான். உருண்டை உடம்பு, அதன்மேல் முள் முள்ளாக ஒரு சட்டை. போன வருசம் வந்தவனே இந்த வருசமும் வருவான். கோயில் கொடை விழாவுக்கு வருகிற சம்பந்தியைப்போலச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைவான். காவல்காரர்களும் புது ஆள் என்று நினைத்து, "வாங்க, ஒக்காருங்க" என்பார்கள்.

அவன் யார் என்று தெரிவதற்குள் அவன் ஒருவன் ஆயிரம் பேராகிவிடுவான். பிறகுதான் காவல்காரர்கள் அடுப்பை மூட்டுவார்கள். காய்ச்சல் என்கிறோமே, அது பகைவன் வைக்கிற தீ அல்ல. அவனை வாட்டக் காவல்காரர்கள் மூட்டுகிற தீ. தீ எரிய எரிய, ஒரு பக்கம் உட்கார்ந்து கண்ணி பின்னுவார்கள். காடைக்குப் பின்னிய கண்ணியில் முயல் சிக்காது. கொப்புளானின் முள் எங்கெங்கே இருக்கிறது என்று அளந்து அவனுக்கென்றே பின்ன வேண்டும். அதற்கு நாளாகும். அதற்குள் மாடத்தியின் உடம்பெல்லாம் கொப்புளம் நிறைந்திருக்கும்.

சரி, ஒருமுறை அளந்து பின்னியவர்களுக்கு மறுமுறை ஏன் அவ்வளவு நாள் ஆகவேண்டும்? அதற்குக் காரணம் அவர்களுடைய வழக்கம். அம்மை இறங்கியதும் நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் அல்லவா? வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மாடத்திக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிற அதே வேளையில், காவல்காரர்கள் உள்ளே நிணநீர் ஓடையில் இறங்கித் தலைமுழுகுவார்கள். மூழ்கி எழுந்தால் பகைவனின் முகம் மறந்துவிடும், வாசனை மறந்துவிடும், கண்ணி பின்னிய கையும் மறந்துவிடும். கோபம் போய், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல ஓடையிலிருந்து கரையேறுவார்கள்.

அந்த வருசம் கொப்புளான் மாடத்தியின் நுரையீரல்வரை இறங்கிவிட்டான். மூச்சு வாங்கி, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பிழைத்தாள். காவல்காரர்களில் பாதிப்பேர் செத்தார்கள். கொப்புளம் பழுத்தால் வெள்ளையாகச் சீழ் வைக்கிறதே, பார்த்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்களே, அந்தச் சீழ் செத்துப்போன காவல்காரர்களின் உடம்பு. ஊருக்காகச் செத்தவர்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. எல்லாரும் ஓடையில் இறங்கினார்கள். ஒருவன் மட்டும் கண்ணியைக் கையில் பிடித்தபடி கரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் மாசானம்.

"ஏலே மாசானம், எறங்குலே. தண்ணி நல்லாருக்கு" என்றார் தலையாரி.

"நான் குளிக்கல அண்ணாச்சி."

"ஏம்லே, சளி பிடிச்சிருமோ?"

ஓடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாசானம் சிரிக்கவில்லை.

"என் தம்பி இசக்கி எங்க கெடக்கான் தெரியுமா அண்ணாச்சி? மாடத்தி நெத்தியில, எடது புருவத்துக்கு மேல. அவன் செத்த எடத்துல குழி விழுந்து கெடக்கு. அந்தக் குழிய இந்தத் தண்ணியால கழுவிருவீயளா? கழுவுங்க. அப்புறம் நான் எறங்குதேன்."

சிரிப்பு நின்றது.

தலையாரி கரையேறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. "இந்தா பாரு, இத ஒங்கப்பன் காலத்துல இருந்து செய்யுதோம். ஏன் செய்யுதோம்னு தெரியுமா? வடக்கூர்ல ஒருத்தி இருந்தா. தொண்டையில வந்த கிருமிய அடிச்சு முடிச்ச பெறகும் அவ உள்ளூர்க் காவல்காரனுவ கோபத்த விடல. தொண்டைக்காரன் மாதிரியே இருக்குன்னு சொல்லி அவ முட்டியில கண்ணிய வீசுனானுவ. பெறகு நெஞ்சுல வீசுனானுவ. சொந்த ஊரையே அடிச்சுக் கொன்னானுவ. பகைய உள்ள வச்சா என்னைக்காவது வீட்டையே எரிச்சிரும்லே."

"அவனுவ அளவு தெரியாம பின்னுனானுவ" என்றான் மாசானம். "நான் கொப்புளான முள்ளு முள்ளா அளந்து வச்சிருக்கேன். என் கண்ணியில அவனத் தவிர வேற எவனும் சிக்க மாட்டான்."

"தலைமுழுகாதவனுக்கு எங்க பந்தியில எடமில்ல."

"சரி."

"சேந்து ரோந்து வரக்கூடாது."

"அதுவும் சரி."

"பெறவு எங்கலே போவ?"

மாசானம் எழுந்தான். கழுத்துப் பக்கம் கையைக் காட்டினான். மூச்சு உள்ளே வருகிற வழிக்குப் பக்கத்தில் இருக்கிற நெறிக்கட்டியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். அத்தனை பேரில் ஒருவன் வேண்டாம் என்று சொன்னான். அந்த ஒருவனால்தான் இந்தக் கதை இருக்கிறது.

அவனுக்கு அழுக்கன் என்று பெயர் வைத்தார்கள். ரோந்து போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள். அவன் தினமும் கண்ணியைப் பிரித்து, மறுபடி பின்னினான். கை மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

மழைக்காலத்தில் ஜலதோஷம் கொண்டுவருகிற கிருமி வந்தான். மாடத்தி ஒரு வாரம் மூக்கைச் சிந்தினாள். காவல்காரர்கள் கூட்டமாக வந்து கழுத்தோரம் நின்றார்கள்.

"ஏ அழுக்கா, எல்லாத்தையும் ஞாவகம் வச்சிருப்பியாமே. போன மழைக்கு வந்தவன இந்த மழைக்கு ஏன் விட்ட?"

"அவன் சட்டைய மாத்திட்டு வாரான்" என்றான் மாசானம். "ஒவ்வொரு தடவையும் வேற சட்ட. அவன் முகத்த நான் பாத்ததே இல்ல."

"கொப்புளானும் சட்டைய மாத்துனா?"

மாசானம் கண்ணியைக் கீழே வைத்தான். அவர்கள் போன பிறகு வெகுநேரம் கண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஜலதோஷக்காரன்மேல் அவனுக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

தை மாதம் மாடத்தி கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. நாடி பார்க்க வந்த மருத்துவச்சி, அவள் மூச்சைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "போன பங்குனியில நுரையீரல் வெந்து போச்சு. வயித்துப் புள்ளையோட இந்தப் பங்குனியும் அம்மை போட்டுச்சுன்னா ரெண்டு உசுரும் தங்காது தாயீ" என்றாள்.

மருத்துவச்சி போன பிறகு, மாடத்தி ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைக் காதோடு வைத்துக்கொண்டாள். உள்ளே கழுத்துப் பக்கத்தில் அழுக்கன், அழுக்கன் என்று யாரையோ கேலி செய்வது கேட்டது. கழுத்தில் விரல்களை வைத்து அழுத்தினாள்.

"உள்ள இருக்கவன் அழுக்கனோ குளிச்சவனோ, எவனா இருந்தாலும் சரி. இந்தப் பங்குனி மட்டும் எனக்காகத் தூங்காம இருந்திரு" என்றாள்.

மாசானம் கண்ணியை மறுபடி கையில் எடுத்தான்.

பங்குனி பிறந்தது. மாடத்தியின் மதினி செல்லக்கிளி, வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்க்கப் பனங்கிழங்கோடு வந்தாள்.

"என்ன மதினி, வயிறு இப்பவே முன்னால சாடிட்டு நிக்கி. ஆம்பளப் பிள்ளதான்."

"ஆடுவ எல்லாம் பொம்பளப் பிள்ளைங்குதுவ."

"ஆட்டுக்கு என்ன தெரியும், கழுத" என்று சிரித்தாள் செல்லக்கிளி. சிரித்தவளுக்கு இருமல் வந்தது. அவள் உடம்பில் இன்னும் ஒரு கொப்புளம்கூட எழும்பவில்லை. ஆனால் கொப்புளான் அதற்கெல்லாம் காத்திருப்பவன் அல்ல. கொப்புளம் எழும்புவதற்கு முன்பே மூச்சில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவான். செல்லக்கிளி இருமினாள், மாடத்தி மூச்சை இழுத்தாள், அவன் உள்ளே வந்துவிட்டான்.

தொண்டை வாசலில் நின்ற காவல்காரர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எந்தூரு வேய்?"

"மேக்க இருந்து வாரேன். வளையல் யாவாரம். பிள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குன்னாங்க, அதான்."

"அட, நல்ல காரியம். ஒக்காரும். பதனி குடிக்கீரா?"

"குடுங்க" என்றபடி காலை மடக்கி உட்கார்ந்தான் கொப்புளான்.

அந்தக் குரல் கழுத்துவரை கேட்டது. மாசானம் கண்ணியோடு எழுந்து வந்தான். வாசல்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். மாசானம் கொப்புளானை முள் முள்ளாகப் பார்த்தான். சட்டை மாறவில்லை. அவன் மாற்ற வேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லை.

"யாவாரி, ஒமக்கு என்னத் தெரியுதா?"

"தெரியலையே மச்சான். மொதத் தடவையாத்தான வாரேன்."

"எனக்கு ஒம்மத் தெரியும்."

கொப்புளானின் சிரிப்பு அப்போதுதான் முதன்முறையாக உதட்டோடு நின்றுபோனது. எந்த ஊர் வாசலிலும் அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை. எழுந்து ஓடி உடம்பெங்கும் பெருகப் பார்த்தான். ஆனால் அதற்குள் மாசானம் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டான். இருவர் நால்வரானார்கள். நால்வர் எட்டுப் பேரானார்கள். அதற்குப் பிறகு யாராலும் எண்ண முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே கோபம், எல்லார் கையிலும் அதே கண்ணி. புதிதாக அளக்க வேண்டியதில்லை, பின்னக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கொப்புளான் நுரையீரல் பக்கம் திரும்பினான், அங்கே மாசானம். ரத்தக் குழாய்க்குத் திரும்பினான், அங்கேயும் மாசானம். கர்ப்பப்பை இருக்கிற திசையை நோக்கி அவனால் ஓரடி வைக்க முடியவில்லை.

வெளியே மாடத்தி கழுத்தைத் தடவிக்கொண்டாள். "ராத்திரி கோணலாப் படுத்திட்டேன் போல. லேசா நெறி கட்டியிருக்கு" என்றாள். அதோடு சரி. காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. செல்லக்கிளி வேப்பிலையில் படுத்தபோது மாடத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விசிறினாள்.

சில நாள் கழித்துத் தலையாரி சங்கிலி கழுத்துப் பக்கம் வந்தார். மூக்கைப் பொத்தாமல் வந்தார்.

"மாசானம்."

"சொல்லும்."

"புள்ள வெளிய வந்ததும் கொப்புளான் அது மேல வந்து நிப்பான். அதுக்குள்ள இருக்கற காவல்காரனுவ ஒண்ணும் தெரியாத பயலுவ. கண்ணி பின்ன இனிமேத்தான் படிக்கணும்." தலையாரி தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் கண்ணி குடு. தொப்புள்கொடி வழியா அனுப்பி வைக்கலாம்."

மாசானம் மடி நிறையக் கண்ணிகளை அள்ளிக் கொடுத்தான். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடும். தீந்தா இன்னும் பின்னுதேன்."

"நீயும் வாலே. இன்னைக்குப் பந்தியில எனக்குப் பக்கத்துல ஒக்காரு."

"புள்ளைக்குக் கண்ணி தாரேன் அண்ணாச்சி. ஒம்ம பந்திக்கு வரமாட்டேன்" என்றான் மாசானம். "அதையும் நான் மறக்கல."

தலையாரி தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணிச் சுமையோடு நடந்தார். மாடத்திக்கு ஆடுகள் சொன்னபடியே பெண் பிள்ளை பிறந்தது. அடுத்த பங்குனியில் தெருவே வேப்பிலை கட்டியபோது, தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளையின் மேல் கொப்புளானின் நிழல்கூட விழவில்லை.

செய்தி ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போயிற்று. ஊர் ஊராகச் சில காவல்காரர்கள் ஓடையில் இறங்க மறுத்தார்கள். எல்லாரும் அல்ல, எல்லாரும் மறுத்திருந்தால் தலையாரி பயந்ததுதான் நடந்திருக்கும். பகை தாங்கத் தெரிந்த சிலர் மட்டும். இப்போது தடுப்பூசி போடுகிறார்களே, அதில் இருப்பதும் அந்தச் சிலருக்காகத்தான். பல் பிடுங்கிய கொப்புளானைக் கொண்டுவந்து, சண்டை பெரிதாக வேண்டாம், முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று காட்டுகிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: கழுத்திலும் அக்குளிலும் மாசானத்தின் வம்சம் இன்றும் தனியாக உட்கார்ந்திருப்பதும், தாய் கொடி வழியே கொடுத்தனுப்பும் கண்ணி தொட்டில் பிள்ளையைச் சில மாதங்கள் காப்பதும், ஒருமுறை சின்னம்மை கண்டவரின் வாசலுக்கு மறுபடி வருகிற கொப்புளான், "எனக்கு ஒம்மத் தெரியும்" என்ற குரலைக் கேட்டு அங்கேயே அகப்பட்டுக்கொள்வதும்.