செவுள் அசையுதா

எங்கள் ஜெபக்கூட்டத்து மார்த்தாள் அக்கா இதை எனக்கு முதன்முதலில் சொன்னது, என் சின்னவன் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப்போன வாரத்தில்.

அவலாஞ்சிக்கு மேலே ஓர் ஓடை. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கம்பவுண்டராயிருந்து ஓய்வுபெற்ற ஜெபமணி அங்கே ட்ரவுட் மீன் பிடிக்கப் பழகினார். பழக்கியவள் ஓடைக் காவலுக்கு இருந்த எஸ்தர். அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பார்.

அன்று அவர் மனசு ஓடையில் இல்லை. மகள் சுகிர்தா, பெற்ற பிள்ளையை மூன்றாம் நாளே பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஏழு வாரம். பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூட்டிப்போக வருகிறார்.

"அனுப்பவா, வச்சுக்கவா டீச்சர்? அங்க போய் ஏதாவது செஞ்சுக்கிட்டாள்னா?"

எஸ்தர் வாய் திறப்பதற்குள் தூண்டில் கோல் வளைந்தது. முள்ளில் கட்டியிருந்த, இறகால் செய்த பொய்ப் பூச்சியை மீன் கவ்விவிட்டது. இழுப்பதும் விடுவதுமாக அவர் அதை வெகுநேரம் அலைக்கழித்தார். கரைக்கு வந்தபோது அது துவண்டு கிடந்தது.

"நல்லா வைத்தியம் பார்த்தீங்க, கம்பவுண்டரய்யா!" என்று எஸ்தர் முள்ளைக் கழற்றினாள்.

பிடித்ததைத் திரும்ப விடுவது அங்கே வழக்கம். அவர் அவசரமாக விட்டார். மீன் வயிறு வெளுக்கப் புரண்டது.

"ஐயோ, ஆண்டவரே!"

"எடுங்க. தலை, வர்ற தண்ணியைப் பார்த்து இருக்கணும். வயித்துக்கடியில கையை வைங்க."

வைத்தார்.

"செத்துடுச்சா?"

"செவுளைப் பாருங்க."

லேசாக ஒருமுறை விரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அவர் மூச்சும் நின்றுபோனது. மறுபடி விரிந்தது.

"விட்டுடவா?"

"வேண்டாம்."

"அப்ப கெட்டியாப் பிடிச்சுக்கவா?"

"நசுக்கிடாதீங்க! கை சும்மா அடியில இருக்கட்டும்."

"எவ்வளவு நேரம் டீச்சர்? விரலெல்லாம் மரத்துப்போச்சு."

"என்னை ஏன் கேக்கறீங்க? மீனைக் கேளுங்க."

அவர் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிந்தது, மூடியது. விரிந்தது. திடீரென்று ஒரு வால் வீச்சு. உள்ளங்கையில் தண்ணீர் மட்டும் ஓடியது.

"போயிடுச்சு! நான் எப்ப கையை எடுத்தேன் டீச்சர்?"

"எங்க எடுத்தீங்க? இன்னும் தண்ணிக்குள்ளதானே இருக்கு."

ஜெபமணி குனிந்து தன் கையைப் பார்த்தார்.

இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது, சுகிர்தா என்ற பெயரையும் ஒரு தரம் சேர்த்துச் சொல்லுங்கள்.