இரண்டு பேர் உட்காரும் தறி

எனக்குத் துரோகம் செய்தவன் சடகோபன். வேறு நிறக் கரை வைத்த பட்டுப்புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் புடவையின் உடலை நெய்தால், பக்கத்தில் இன்னொருவர் கரைக்கு நாடாவை, அதாவது நூல் சுற்றிய கட்டையை, தள்ள வேண்டும். என் தறியில் கரைக்கு உட்கார்ந்தவன் அவன். ஒருநாள் பாதிப் புடவையில் எழுந்து வேறு தறிக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு நான் யாரையும் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. கரையில்லாத துணி நெய்தே காலத்தை ஓட்டினேன்.

எங்கள் ஊரில் தறிக்குழியில் இறங்கி நெய்த முதல் பெண் வேதவல்லி அம்மா. எனக்குத் தொழில் கொடுத்தவர். அவர் பேரில் பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு கூடத்தில் விளக்குத் தறி கட்டியிருந்தார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முழுக்கக் கண்ணாடி இழை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நாடாவைத் தள்ளினால் இழைகளில் வெளிச்சம் ஓடி, எதிர்ச் சுவரில் புடவை விரியும்.

கண்காட்சியின் கடைசி நாள் நான் போய் உட்கார்ந்தேன். தள்ளினேன். சுவர் இருட்டாகவே இருந்தது.

ஓரத்து நாற்காலியில் அம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சின்னப் பசங்க தள்ளினாக்கூட எரியுது. எனக்கு எரியல."

"அவங்க ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தாங்க. ஒத்தை ஆளுக்கு எரியாதுடா தேவராசு. நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன்."

எழுந்து வந்து கரை நாடாவைத் தள்ளினார். நானும் தள்ளினேன். சுவரில் ஒரு சாண் சிவப்புக் கரை ஏறியது. அம்மா கையை எடுத்தார். அணைந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா."

"என் இடுப்பு தாங்காது. வாசல்ல சடகோபன் டீ குடிச்சிட்டு நிக்கிறான். காலையில அவனும் ஒத்தையா உக்காந்து பாத்துட்டுப் போனான். கூப்பிடு. சாயங்காலம் இதைப் பிரிச்சிடுவாங்க."

"மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்."

"சரி. நான் முதமுதல்ல குழியில இறங்கினப்போ, என் பாவு நூலை அறுத்துப் போட்டது யாரு?"

"எங்கப்பா."

"மறுபடி பாவு கட்டினேன். கரைக்கு உக்காரத் தெருவுல ஒருத்தரும் வரல. யாரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன்?"

"என்னை."

வெளியே டீ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாராம்மா?"

"எங்கடா கேட்டாரு? போயே சேந்துட்டாரு. புடவைதான் முடிஞ்சுது."

பலகையில் கரைப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சடகோபன் எனக்கு இன்னும் தரவில்லை.