மாப்பிள்ளை பிடித்த கல்

புத்திசாலிகள் வாழ்கிற ஊருக்கெல்லாம் பஸ் போகிறது. மொட்டைப்பாறைப் புதூருக்குப் போவதில்லை. பஸ் வந்தால் ஊரில் இருக்கிற அறிவு அதில் ஏறி வெளியே போய்விடும் என்று ஊர்க்காரர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரில் தெய்வசிகாமணி என்று ஒரு மாப்பிள்ளை இருந்தான். மாப்பிள்ளை என்றால், இன்னும் ஆகாத மாப்பிள்ளை. வயது முப்பத்தாறு. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறும் தட்டிப்போயிற்று. ஏழாவதாக, ஊட்டிப் பக்கத்தில் கேரட் போடுகிற வையாபுரியின் மகள் பூங்கோதை அமைந்திருந்தாள். இதுவும் போனால் சிகாமணி ஒரு தென்னை மரத்தைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஊரே பேசியது. சிகாமணிக்கும் அந்தப் பயம் இருந்தது. தோப்பு ஓரத்தில் ஒரு மரம் கொஞ்ச நாளாகத் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அவனுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் சென்னியப்பன், யோசிப்பவர். நடு மாமா நாச்சிமுத்து, அவர் யோசித்ததை ஆமோதிப்பவர். கடைசி மாமா ஆறுச்சாமி, வேன் ஓட்டுபவர். ஓட்டும்போது யோசிக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

ஆறாவது சம்பந்தம் முறிந்ததற்குக் காரணமே சென்னியப்பன்தான். பெண் வீட்டார் "உக்காருங்க" என்றார்கள். "ஏன் உக்காரணும்?" என்று இவர் கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டாராம். பேச்சு வளர்ந்து, கடைசியில் யாருமே உட்காராமல் ஊர் திரும்பினார்கள். அன்றே மூன்று மாமன்களும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: இனிமேல் பெண் வீட்டார் என்ன சொன்னாலும் ஏன் என்று கேட்பதில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்வது. சிகாமணியும் அழுதுகொண்டே கூட நின்று சத்தியம் செய்தான்.

தை மாதத்தில் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். காலை பதினோரு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும், அதற்கப்புறம் நேரம் சரியில்லை. வையாபுரி நேரம் காலம் பார்ப்பதில் கண்டிப்பான மனிதர். பதினொன்று தாண்டினால் தட்டையும் தொடமாட்டேன், பேச்சையும் தொடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எனவே சீர்த்தட்டுகளோடு வேன் விடியற்காலையிலேயே மலையேறியது. ஆறரை மணிக்கு, பெண் வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டரே இருந்தபோது, சாலைக்குக் கீழே ஒரு புல்வெளி வந்தது. உறைபனி இறங்கி, புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"நிறுத்து" என்றார் சென்னியப்பன். "இதென்ன இது?"

"உப்பா இருக்குமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இவ்வளவு உப்பை எவன் காட்டுல கொட்டுவான்? நல்லாப் பாரு. நம்மளுக்கு வெள்ளைத்துணி விரிச்சு வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை வீடுன்னா சும்மாவா? ஆறுச்சாமி, வண்டிய அது மேல உடு. விரிச்சது மேல போகலைன்னா சம்பந்தி மனசு நோகும்."

ஆறுச்சாமி யோசிக்காமல் விட்டார். முப்பதடி தூரம் வேன் ராஜநடை போட்டது. அதற்கு அடியில் சதுப்பு. மேலே இருந்த பனி மட்டும் கட்டியாக இருந்தது, அது உடைந்ததும் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கின. ஆறுச்சாமி முறுக்க முறுக்க வேன் இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

சிகாமணிதான் போனை எடுத்து வையாபுரியைக் கூப்பிட்டான்.

"சேத்துக்காட்டுல ஏனுங்க மாப்ளே வண்டிய எறக்குனீங்க?" என்று வையாபுரி திகைத்தார். பெண் வீட்டார் ஏன் என்று கேட்கலாம், சத்தியம் இந்தப் பக்கம் மட்டும்தான். "சரி, போச்சாது. டிராக்டர் கேரட் மூட்டை எறக்கப் போயிருக்குது, வந்ததும் அனுப்பறேன். அதுக்குள்ள நீங்களே வந்துரலாம். மொதல்ல வண்டியில இருக்கற பாரத்தை எறக்குங்க."

சிகாமணி மாமன்களிடம் சொன்னான். ஒன்பது சீர்த்தட்டுகளும் இறங்கின. பழத்தட்டு, தேங்காய்த் தட்டு, பூத்தட்டு, பட்டுச்சேலைத் தட்டு எல்லாவற்றையும் அவன் ஒருவனே புல்வெளி மேட்டில் வரிசையாக அடுக்கினான். மாமன்கள் மூவரும் வேனுக்குள்ளேயே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, நீங்களும் எறங்குனா..." என்று இழுத்தான் சிகாமணி.

"பாரத்தைத்தானடா எறக்கச் சொன்னாரு?" என்றார் சென்னியப்பன். "தாய்மாமன பாரம்னு சொல்ல சம்பந்திக்கு வாய் வருமா?"

"வராதுங்க" என்றார் நாச்சிமுத்து.

மூன்று பேரும் சேர்ந்தால் மூன்று நெல்மூட்டை கனம் இருக்கும். வேன் ஓர் அங்குலம் கூட எழவில்லை.

இரண்டாவது போனில் வையாபுரி, சக்கரத்துக்கு அடியில் சொரசொரப்பாக ஏதாவது கொடுக்கச் சொன்னார். எது சொரசொரப்பு என்பதில் வாதம் எழுந்தது. பட்டுச்சேலையைக் கொண்டுவரச் சொல்லி சென்னியப்பன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, போதாது என்றார். சிகாமணியின் புது வேட்டியை நாச்சிமுத்து தேய்த்துப் பார்த்தார். அதுவும் தேறவில்லை. நாச்சிமுத்துவின் கன்னமே நல்ல சொரசொரப்பு என்று ஆறுச்சாமி கண்டுபிடித்தார். ஆனால் அதைக் கழற்ற முடியாது என்பதால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தேங்காய்கள் என்று தீர்மானமாயிற்று. பொள்ளாச்சிக் காய்க்கு மிஞ்சிய சொரசொரப்பு உலகத்தில் கிடையாது.

சிகாமணி மண்டியிட்டுத் தேங்காய்களைச் சக்கரத்தடியில் வைத்தான். ஆறுச்சாமி முறுக்கினார். முதல் தேங்காய் பறந்து சதுப்பில் விழுந்தது. இரண்டாவது, மேய்ந்துகொண்டிருந்த ஒரு எருமையை ஊர் எல்லை வரை ஓட்டிக்கொண்டு போயிற்று. மூன்றாவது சிகாமணியின் முழங்காலில் பட்டு இரண்டாக உடைந்தது.

"சகுனம் பிரமாதம்" என்றார் நாச்சிமுத்து உள்ளே இருந்தபடி. "ஒரே அடியில ஒடஞ்சிருச்சு பாருங்க. அழுகலும் இல்ல."

மூன்றாவது போனில் வையாபுரி, குளிரில் இன்ஜின் ஆறிவிடாமல் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்ஜினை ஓடவிடச் சொல்கிறார் என்று உங்களுக்கும் எனக்கும் புரியும். நமக்கு மொட்டைப்பாறைப் புதூரில் சொந்தம் இல்லை.

"இன்ஜினுக்குக் குளிருதாம்" என்று அறிவித்தார் சென்னியப்பன். "கழட்டு."

சிகாமணியின் சால்வை போனட் மேல் விரிந்தது. அவனுடைய குரங்குக் குல்லாய் முன் விளக்குக்குப் போனது. ஒரு விளக்குக்கு மட்டும் போட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளாதா என்று நாச்சிமுத்து கேட்டார். அதனால் சிகாமணியின் ஸ்வெட்டரும் போனது. மாப்பிள்ளை மெல்லிசு பட்டுச்சட்டையோடு பல் தந்தியடிக்க நின்றான். வேன் சௌக்கியமாக இருந்தது.

இதற்குள் மணி ஒன்பதரை. வெயில் ஏறியதும் பனி உருகி, வெள்ளையெல்லாம் மறைந்து வெறும் புல்லும் சேறும் தெரிந்தன. சென்னியப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பதறிப்போனார்.

"நாம வரத் தாமசம் ஆச்சுன்னு விரிப்பைச் சுருட்டிப்போட்டாங்க! சம்பந்தி கோவமா இருக்காருடா!"

சிகாமணிக்குக் கண்ணீர் வந்தது. அந்தக் கணத்தில் அவனுக்குத் தோப்போரத்துத் தென்னை மரம் கண்முன் வந்து நின்றது.

பத்தேகாலுக்கு டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தவர் பெள்ளி, நாற்பது வருஷமாக அந்த மலையில் சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுத்துப் போடுகிறவர். அவர் குல்லாய் போட்ட வேனையும், போடாத மாப்பிள்ளையையும் பார்த்தார். இரும்புச் சங்கிலியை மாட்டினார். மாமன்களை இறங்கச் சொல்லிப் பார்த்து, அவர்கள் பாரம் இல்லை என்ற விளக்கத்தைக் கேட்டுவிட்டு, அவர்களோடு சேர்த்தே வேனைச் சேற்றிலிருந்து பிடுங்கிச் சாலையின் ஏற்றத்தில் நிறுத்தினார்.

"சங்கிலிய மாத்திக் கட்டணும்" என்றார் பெள்ளி. "வண்டி பின்னாடி உருளாம இருக்கறதுக்கு, ஒருத்தர் இந்தக் கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக்குடுத்துப் புடிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

ஒருத்தர் என்றால் யார் என்று இந்த முறை வாதமே எழவில்லை. சிகாமணி சாலையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டான்.

பெள்ளி சங்கிலியை மாற்றிக் கட்டினார். டிராக்டரில் ஏறினார். அதன் சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. வேன் முன்னால் நகர்ந்தது. சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"சிகாமணி! விட்றாத!"

"விடலீங் மாமா!"

டிராக்டர் போனது, வேன் போனது, அவனுடைய சால்வையும் குல்லாயும் ஸ்வெட்டரும் போயின. சிகாமணி மட்டும் சாலை நடுவில், எந்தச் சக்கரத்துக்கும் முட்டுக்கொடுக்காத ஒரு கல்லைப் பிடித்தபடி இருந்தான். மேட்டில் தட்டுகள் இருந்தன. இறக்கச் சொன்னவர் ஏற்றச் சொல்லவில்லையே.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்க வேண்டுமானால் கல்லை விட வேண்டும். ஆறு முறை அடித்து ஓய்ந்தது. மணி என்ன ஆயிற்றோ என்று அவனுக்குக் கவலை. ஆனாலும் இந்தத் தடவை நம்மால் சம்பந்தம் கெட்டது என்று யாரும் சொல்லக் கூடாது என்று கல்லை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

பத்து நிமிஷத்தில் டிராக்டர் திரும்பி வந்தது. பெள்ளிக்குப் பக்கத்தில், பட்டுச்சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். குதித்து இறங்கி அவன் எதிரே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை எங்கீங்கன்னு எங்கப்பா கேட்டா, 'வேன் உருளாமப் புடிச்சுட்டு இருக்காரு'ங்கறாரு உங்க பெரிய மாமா. வேன் எங்க வாசல்ல நிக்குது!"

"நிக்குதுங்களா?" சிகாமணியின் முகம் மலர்ந்தது. "அப்ப சரீங்க."

"அது எங்க வீட்டு வாசல். நீங்க இங்க இருக்கறீங்க!"

"ஆமாங்க. நான் இங்க புடிச்சிருக்கறதுனாலதானுங்க அது அங்க நிக்குது."

பூங்கோதை பெள்ளி பக்கம் திரும்பினாள். "பெள்ளிண்ணா, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்னு எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். "மொதல்ல இவர விடச் சொல்லுங்க."

"விட்டுருங்க தம்பி" என்றார் பெள்ளி அலுப்போடு.

சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். சிகாமணி கல்லை விட்டான். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். அந்த நேரம் பார்த்து போன் ஏழாவது முறையாக அடித்தது. எடுத்தான். அதிலிருந்து வந்த நாச்சிமுத்துவின் அலறல் டிராக்டர் வரைக்கும் கேட்டது.

"அட பாவி! கல்லை விட்டுட்டியாடா? வேன் உருளுதுடா!"

நடந்தது பின்னால்தான் தெரிந்தது. மருமகன் கல் பிடித்திருக்கும் தைரியத்தில் ஆறுச்சாமி ஹேண்ட்பிரேக்கை இழுக்கவில்லை. கியரில் நின்ற வேனில் சென்னியப்பன் வெதுவெதுப்புக்காக ஏறி உட்கார, அவர் முட்டி பட்டுக் கியர் நழுவிவிட்டது. வாசலிலிருந்து வேன் நேராக விருந்து சமைக்கிற பந்தலை நோக்கி இறங்கியது. கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கு முன்னால் வையாபுரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நாச்சிமுத்துவின் போனைப் பிடுங்கி அவர் கத்தினார்.

"மாப்ளே! கையெடுத்துக் கும்புடறேன், கல்லைப் புடிங்க!"

சிகாமணி போனைப் போட்டுவிட்டுக் கல்லின் மேல் விழுந்தான். அங்கே வேன் கேரட் மூட்டை அடுக்கின் மேல் மோதி நின்றது.

கீழே கிடந்த போனில் வையாபுரியின் குரல், சாமி வந்தவர் குரலாக நடுங்கியது. "நின்னுருச்சு... புடிச்சதும் நின்னுருச்சு. விட்றாதீங்க மாப்ளே. நாங்களே அங்க வந்தர்றோம்."

பத்து ஐம்பதுக்கு, கேரட் ஏற்றுகிற பிக்கப்பில் இரண்டு வீட்டாரும் ஐயரும் வந்து இறங்கினார்கள். சென்னியப்பன் நெற்றியில் புடைப்போடு, எல்லாம் தான் யோசித்தது போலவே நடந்த பெருமிதத்தில் இருந்தார். வையாபுரி மகளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

பூங்கோதை சாலை நடுவில் மண்டியிட்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். குளிரில் உதடு நீலமாகி, ஈ மொய்த்தாலும் கையெடுக்காத உறுதியோடு இருந்தான்.

"இருபத்தெட்டு வருசமா நான் சொன்னத நம்ம வீட்டுல ஒரு ஆம்பளையும் கேட்டதில்ல" என்றாள். "இவரு சொன்னா சொன்னபடி நிக்கறாரு. தட்டை மாத்துங்கப்பா, நேரம் போகுது."

தட்டுகள் ஏற்கனவே அங்கேயே இருந்ததால் தூக்கிவரும் வேலை மிச்சம். சிகாமணி வலது கையால் கல்லைப் பிடித்திருக்க, இடது கையில் மோதிரம் போட்டார்கள். பத்து ஐம்பத்தெட்டுக்குத் தட்டு மாறியது. சிகாமணி மண்டியிட்டபடியே சிரித்தான், கொஞ்சம் அழவும் செய்தான். அடுத்து, சாப்பிடப் போவதா, மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டை இங்கே கொண்டுவருவதா என்று சென்னியப்பனும் வையாபுரியும் சரிக்குச் சரி நின்று தீவிரமாக ஆலோசித்தார்கள்.

பெள்ளி இதையெல்லாம் டிராக்டரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷ அனுபவஸ்தர், மலையில் அவரிடம் புத்தி கேட்காத ஆள் இல்லை. அவர் மெல்ல நடந்துபோய்ச் சாலையோரத்தில் இரண்டு மூன்று கற்களைத் தூக்கிப் பார்த்தார். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து, சிகாமணியின் இடது கைக்குப் பக்கத்தில் பவ்யமாக வைத்தார்.

"தம்பி, ஒரு கை சும்மாதானே இருக்கு? நம்ம டிராக்டருக்கும் ஒரு வருசமா பிரேக் சரியா புடிக்கல."