வளைவில் நின்று கூப்பிட்டவர்

ஆனைக்கல் மலை மடத்தின் தலைவி மரகத அம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபதை எட்டும் வயது. ஞானத்துக்கும் நரைக்கும் என்ன சம்பந்தம் என்று மடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. துறவுக்கு வருமுன் தில்லைநாயகம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். வீடு வாசலை எல்லாம் துறந்தவரால் அந்தத் தொண்டையை மட்டும் துறக்க முடியவில்லை. அவர் ரகசியம் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

சில வருடங்களாக அவர் மலையின் மறுபக்கம், மூங்கில்பள்ளத்தில் இருக்கும் கிளை மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் மடத்தில் சாத்திரம், இசை, யோகம், வைத்தியம் என்று எல்லாப் பாடமும் நடக்கும். கிளை மடத்தில் அந்தி நேரத்தில் ஒரு பதிகம், வெள்ளிக்கிழமை ஒரு கதை. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இனிமேல் பள்ளத்துக்குத் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் அவர் ஒருநாள் காலை மலையேறி வந்தார். அதை எடுத்த எடுப்பில் சொல்ல வெட்கமாக இருந்ததால் டிவியில் ஆரம்பித்தார்.

மலை உச்சியில் ஒரு பெரிய டிவி கோபுரம் உண்டு. மலை மறைப்பதால் அதன் அலை பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் பள்ளத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கோபுரம் வைத்தார்கள். ஆனால் உச்சிக் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனா வைத்த வீடுகளில் சேனல்கள் வரிசை கட்டி வர, பள்ளத்து வீடுகளில் விரல் விட்டு எண்ணுகிற அளவே வந்தன. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா என்று ஊரே அவரிடம் வந்து கேட்டதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் அம்மை.

"எனக்கே தெரியலையே அம்மா. அதோட விட்டாங்களா? உங்க மடமும் எங்க டிவி மாதிரிதான் சாமி, மேலே எல்லாம் வருது, இங்கே ஒண்ணு ரெண்டுதான் வருதுன்னுட்டாங்க."

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று தன்னையே நொந்துகொண்டார். தன்னை மேல் மடத்துக்கே மாற்றிவிடும்படியும் கேட்டார்.

அம்மை சிரித்தார். இன்று மத்தியானம் மலை வளைவில் போய் நின்று சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள் என்றார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி போடுமுன் ஒருவர் முன்பாறையில் ஏறி, பசித்தவர்கள் வரலாம் என்று கூவ வேண்டும். அன்றைக்கு என்ன குழம்பு, என்ன கூட்டு என்பதையும் சேர்த்தே கூவ வேண்டும். குழந்தைசாமி என்பவர் அதைச் செய்துவந்தார். ஆனால் மலை வளைந்து திரும்பும் இடத்துக்கு அப்பால் மூங்கில் வெட்டுகிறவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். எவ்வளவு கூவினாலும் அவர்கள் காதில் அது விழுந்ததில்லை.

தில்லைநாயகத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. குழந்தைசாமி பாறையில் வாயைத் திறந்ததுமே, இவரும் வளைவில் நின்று சாம்பார் முதல் பாயசம் வரை ஒன்று விடாமல் முழங்கினார். இரண்டு குரலும் மலையில் முட்டி மோதின. பாறையின் கீழே வயலில் இருந்தவர்கள், மடத்தில் யாரோ இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று விலக்கிவிட ஓடி வந்தார்கள். வளைவுக்கு அப்பால் இருந்தவர்களும் சண்டை என்றுதான் நினைத்தார்கள். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்களில்கூடப் பாதிப் பேர் வரவில்லை. பாயசம் மிஞ்சிப்போனது.

மறுநாளும் அம்மை அவரை வளைவுக்கே அனுப்பினார். "குழந்தைசாமி மூச்சு வாங்கற நேரத்துல மட்டும் கூப்பிடுங்க" என்றார்.

குழந்தைசாமிக்கு நீளமான மூச்சு. அவர் நிறுத்தும் இடைவெளியில் தில்லைநாயகத்தால் "சோறு இருக்கு, வாங்க" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. கூட்டைச் சேர்க்கலாம் என்று பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் அடுத்த கூவல் கிளம்பிவிட்டது. மனசில்லாமல் அந்த மூன்று சொல்லையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வளைவைத் தாண்டி மூங்கில் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். இத்தனை நாள் இங்கே சோறு போடுவதே தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். பரிமாறிய தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குறை சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"பாயசத்தைச் சொல்ல முடியலையே அம்மா."

"சொல்லலைன்னு யாராவது திரும்பிப் போனாங்களா?"

"இல்லை."

"சொல்லியிருந்தா?"

அவர் நேற்றைய கூத்தை நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மறுபடியும் விலக்கிவிட வந்திருப்பாங்க."

"வானத்துலயும் அலை போக வழி கொஞ்சம்தான். பெரிய கோபுரமும், அக்கம்பக்கத்து மலைக் கோபுரங்களும் எடுத்துக்கிட்டது போக மிச்சம் இருக்கற சந்துலதான் சின்னக் கோபுரம் அனுப்பணும். அதுலயும் எல்லாத்தையும் ஏத்தினா இதுவும் தெரியாது, அதுவும் தெரியாது."

அவருக்குப் புரிந்தது. ஊரில் போய்ச் சொல்வதற்கு நல்ல பதில் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். பிறகுதான் தான் திரும்பிப் போவதாக இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"அம்மா, நான் மேல் மடத்துக்கு வர்ற விஷயம்?"

"தாராளமா வாங்க. இங்கே ஏழு பேர் பாடம் சொல்றாங்க, உங்களுக்கும் ஒரு பாய் போடறோம்" என்றார் அம்மை. "இனிமே அந்தி நேரத்துல பள்ளத்துல யார் குரல் கேட்கும்னு மட்டும் அந்த ஊர்க்காரங்ககிட்ட சொல்லிட்டு வாங்க."