திரும்பு பொத்தான்

சீடர் தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தெட்டு. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. பள்ளி மாடியில், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் செய்யும் அறையில் இருவருக்கும் வேலை.

தணிகாசலம் செய்த பாடத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். பக்கம், படம், சொல், கேள்வி என்று ஒவ்வொன்றுக்கும் ப்ரோக்ராமில் ஒரு கிளாஸ், அதாவது அது என்ன, என்ன செய்யும் என்று விவரிக்கும் பகுதி, எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தொன்று.

போன வாரம் ஷெரின் என்ற குழந்தை ‘மழை’ படித்தாள். ‘நீராவி’யைத் தொட்டாள். பிறகு ‘திரும்பு’ பொத்தானை அழுத்தினாள். ‘மழை’ வரவில்லை, ‘வெப்பம்’ வந்தது. மறுபடி அழுத்தினாள். பொருளடக்கம் வந்தது. “நான் எங்க இருந்தேன்?” என்று கேட்டு அழுதாள்.

இன்று இரண்டு மணிக்கு நான்காம் வகுப்பு மறுபடி வருகிறது. இன்றும் யாராவது அழுதால் பாடத்தைத் தூக்கிவிடுவதாக ஹெச்.எம். சொல்லியிருந்தார்.

“ப்ரோக்ராம்ல தப்பே இல்ல மேடம்,” என்றார் தணிகாசலம். “நீராவி, வெப்பத்தைச் சேர்ந்த பக்கம். திரும்பினா வெப்பத்துக்குத்தானே போகணும்? எத்தனை தடவைதான் சொல்றது? அந்தப் பொண்ணுக்குப் பொறுமை இல்ல.”

“ஸ்டோர் ரூம்ல இருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு வாங்க சார்,” என்றாள் ஜெசிந்தா.

கீழே போய் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். அவள் வாசலை மறித்து நின்றாள்.

“ஸ்டோர் ரூம் ஆபீசைச் சேர்ந்தது. அங்கேர்ந்து திரும்பினா ஆபீசுக்குத்தான் போகணும்.”

“மேடம், மணி ஒண்ணேகால்.”

“போங்க சார்.”

கீழே ஆபீசுக்குப் போய், மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“ஆபீஸ் ஸ்கூலைச் சேர்ந்தது. கேட்டுக்குப் போங்க.”

கேட்டில் வாட்ச்மேன் அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தான். “என்ன சார், வெளிய நிக்க வெச்சுட்டாங்களா?”

மூன்றாம் முறை ஏறி வந்தபோது தணிகாசலத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெசிந்தா இன்னும் வாசலில்தான் நின்றாள்.

“போதும் மேடம். அதோ என் நாற்காலி. அதோ நான் பாதி குடிச்ச காபி. நான் எங்கேர்ந்து எழுந்து போனேன்னு உங்களுக்கே தெரியும். ஸ்டோர் யாரைச் சேர்ந்ததா இருந்தா எனக்கென்ன? நான் இங்கேர்ந்துதான் போனேன். இங்கதான் வரணும்.”

ஜெசிந்தா விலகி வழிவிட்டாள். அவர் உட்காரும் வரை காத்திருந்தாள்.

“நாற்பத்தொரு கிளாஸ் எழுதியிருக்கீங்களே சார்,” என்றாள். “அதுல ஷெரின் எங்க இருக்கா?”