ஆரஞ்சு ஜாக்

தூத்துக்குடியில் ஒலிப்பதிவு கற்றுக்கொடுக்கும் நாச்சியாருக்கு வயது நாற்பது. அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்த மாணவர் சூசையப்பனுக்கு அறுபத்தொன்று. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவருடைய மகன் அமலனும் நாச்சியாரிடம்தான் பயின்றான். சாலை விபத்தில் அவன் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

மகன் இருந்தவரை அவன் தொழில் என்னவென்று ஒருநாளும் கேட்டறியாத தந்தை, அவன் போன பிறகு நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நின்றார். நாச்சியார் காரணம் கேட்கவில்லை. முன்வரிசையில் ஓர் இடம் காட்டினார்.

ஒரு காலை, வகுப்பு தொடங்குமுன்பே, போர்வையில் சுற்றிய பெரிய மூட்டையோடு சூசையப்பன் ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

“என்னய்யா, வீட்டையே காலி பண்ணிக் கொண்டாந்துட்டீங்களா?”

“அமலனோட கம்ப்யூட்டர், டீச்சர். ஆட்டோக்காரன் பின்னால போடச் சொன்னான். நான் மடியை விட்டு எறக்கல.”

“அப்படி என்ன அவசரம்?”

“ஒரு கேள்வி இருக்கு. நீங்கதான் பதில் சொல்லணும்.”

நாச்சியார் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எங்க வீட்டுச் சத்தத்தை அவன் பதிஞ்சு வச்சிருக்கான். ஆறு சேனல்னு எழுதியிருக்கு. நாப்பது தடவை கேட்டுட்டேன். குக்கர் சத்தம் இருக்கு. என் இருமல் இருக்கு. நான் யார்கிட்டயோ பேசுறதுகூட இருக்கு, போன்லயா இருக்கும். அவன் மட்டும் இல்ல. இத்தனையும் பதிஞ்சவன் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டானே. எம்மேல அவ்வளவு வெறுப்பா, டீச்சர்?”

 நாச்சியார் கணினியை மேசைமேல் வைத்து உயிர்ப்பித்தார். அமலனின் ஹெட்செட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வீட்டுல எப்படி மாட்டுவீங்களோ, அப்படியே மாட்டுங்க.”

அந்த ஹெட்செட்டின் வயர் முனையில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று ஜாக்குகள் இருந்தன. கணினியின் சவுண்ட் கார்டிலும் அதே நிறங்களில் மூன்று துளைகள். சூசையப்பன் பச்சையைப் பச்சையில் செருகினார். மற்ற இரண்டும் ரப்பர் வளையத்தில் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன.

“அது ரெண்டும்?”

“பச்சையைச் செருகுனதுமே சத்தம் வந்துட்டு. சரக்கு எழும்பிட்டா அடுத்த லீவரைத் தொடக் கூடாது. கிரேன்ல அதுதான் முதல் பாடம். தொட்டா, கீழ நிக்கிறவன் செத்தான்.”

“இது கிரேன் இல்லய்யா.”

“இல்லதான். ஆனா வர்ற சத்தமும் நின்னுபோச்சுன்னா நான் எங்க போவேன்?”

நாச்சியார் ரப்பர் வளையத்தைப் பிரித்தார்.

“பச்சை, முன்னால இடமும் வலமும். கறுப்பு, முதுகுப் பக்கம் இடமும் வலமும். ஆரஞ்சு, நேர் நடுவும் அடி அதிர்வும்.”

சொல்லிக்கொண்டே பச்சை ஜாக்கை உருவினார். தடுக்க எழுந்த சூசையப்பனின் கையில் ஆரஞ்சு ஜாக்கை வைத்தார்.

“நீங்களே செருகுங்க. இப்போதைக்கு இது மட்டும்.”

அவர் செருகினார். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டார். நாச்சியார் பதிவை ஓடவிட்டார்.

குக்கர் இல்லை. இருமல் இல்லை. வெகு அருகில், சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டவனின் மெல்லிய குரல்.

‘அப்பா, ஒரு நிமிஷம் இப்படி உக்காருங்களேன்.’

பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் பச்சையில் ஒலிக்கும் தன் பதில், நாற்பது முறை கேட்டவருக்கு மனப்பாடம். சூசையப்பனின் உதடுகள் அசைந்தன.

“ம்.”

‘ஒரு சத்தம் பதிஞ்சிருக்கேன். காதுல மாட்டிக் கேட்டுப் பாக்கீங்களா?’

“எனக்கு எதுக்கு அதெல்லாம்.”

‘உங்க கிரேன் சத்தம்ப்பா. நீங்க ரிட்டையர் ஆகுறதுக்கு முந்தின நாள், துறைமுகத்துக்கே வந்து பதிஞ்சேன். நீங்க மேல கூண்டுல இருந்தீங்க. கை காட்டுனேன், பாக்கல.’

சூசையப்பனின் உதடுகள் மறுபடி அசைந்தன. இம்முறை காற்றுதான் வந்தது.

“அப்புறம் பாக்கலாம்.”

‘சரிப்பா.’

பதிவு முடிந்தது. அவர் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. நாச்சியார் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“பேசியிருக்கான், டீச்சர்.”

“காலர் மைக் குரலை நடுவுலதான் வைக்கணும்னு முதல் வகுப்புலயே சொல்லிக் கொடுப்பேன். உங்களுக்கும் சொன்னேன்.”

“சொன்னீங்க. நோட்டுல எழுதிக்கூட வச்சிருக்கேன்.”

நாச்சியார் பச்சை ஜாக்கைக் கையில் எடுத்தார்.

“இப்ப மூணையும் சேர்த்துக் கேளுங்க.”

சூசையப்பன் பச்சைத் துளையை உள்ளங்கையால் மூடினார்.

“இது வேண்டாம். இதுல இருக்குறது நான்.”

“ஐயா.”

“என் பேச்சை வெட்டிருங்க, டீச்சர். அவன் குரல் மட்டும் போதும். காலத்துக்கும் அதை வச்சுக் கேட்டுக்கிடுதேன். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை.”

“ஒரு நிமிஷ வேலைதான்,” என்றார் நாச்சியார். “அமலனுக்கு அரை நிமிஷம் போதும். வெட்டுறதுல அவன் என்னைவிட வேகம். உங்க பதில் வேண்டாம்னு அவன் நெனச்சிருந்தா, அன்னைக்கே வெட்டியிருப்பான், ஐயா.”